பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி: நெல்லைப் பக்கத்தில் வாங்கலாமா, விட்டுவிடலாமா?

புதிதில் நாற்பது, ஐம்பது லட்சத்துக்குப் போன கார் பன்னிரண்டு வருடம் கழித்து ஆறு, ஏழு லட்சத்துக்கு விற்பனைக்கு நிற்கிறது. சின்ன காருக்குக் கொடுக்கும் காசில் பென்ஸ் என்றால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையில் தப்பில்லை. நன்றாகப் பராமரித்த பழைய ஜெர்மன் கார் நான்குவழிச் சாலையில் நூறில் போகும்போது கொடுக்கும் நிம்மதியைப் புதுச் சின்ன கார் கொடுக்காது. ஆனால் அந்த வண்டிக்கு ஒரு ஹெட்லைட் வேண்டுமென்றால் அது இன்றைக்கும் நாற்பது லட்ச ரூபாய் வண்டியின் ஹெட்லைட் விலையில்தான் வரும். வண்டியின் விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கும், பாகங்களின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கும். வாங்குவதா வேண்டாமா என்பதை இந்த இடைவெளியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வண்டிக்கு முன்னால் மெக்கானிக்

முதலில் தேட வேண்டியது காரை அல்ல, அதைப் பார்க்கப்போகிற ஆளை. இந்த பிராண்டுகளின் கம்பெனி சர்வீஸ் என்றால் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். மதுரை கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். வண்டி வழியில் நின்றால் அதை ஏற்றிச்செல்லும் ரெக்கவரி வண்டியின் வாடகை ஒரு சாதாரண காரின் முழு சர்வீஸ் செலவைத் தொட்டுவிடும். அதனால் வண்ணார்பேட்டை, தச்சநல்லூர், கே.டி.சி நகர் பக்கம், இல்லாவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடியில், இந்த வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிற தனி ஒர்க்‌ஷாப் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

அவரிடம் இரண்டு கேள்வி போதும். ஒன்று, என்ன ஸ்கேனர் வைத்திருக்கிறீர்கள்? பென்ஸுக்கு ஜென்ட்ரி, பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடிக்கு விசிடிஎஸ் அல்லது ஓடிஸ் என்று பதில் வர வேண்டும். எல்லா பிராண்டுக்கும் பொதுவான உயர்தர ஸ்கேனர் என்றாலும் பரவாயில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி இன்ஜின் பிழைகளை மட்டும் காட்டும். கியர்பாக்ஸ், ஏர்பேக், ஏர் சஸ்பென்ஷன் பக்கம் போகாது. இரண்டாவது, கடைசியாக எந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினீர்கள், அளவை எப்படிப் பார்த்தீர்கள்? எண்ணெய் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், ஸ்கேனரில் டெம்பரேச்சரைப் பார்த்துக்கொண்டே அளவு சரிசெய்தேன் என்று சொல்கிறவர் வேலை தெரிந்தவர். "இதுக்கெல்லாம் எண்ணெய் மாத்தவே வேண்டாம் அண்ணாச்சி, லைஃப்டைம்" என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பி.எம்.டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது.

இப்படி ஒருவர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய கார்தான் வேண்டும் என்றால் டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்டு பாருங்கள். பெட்ரோல் செலவு கூடும், ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே அந்த கம்பெனிகளின் சர்வீஸ் உண்டு, கியர்பாக்ஸும் இன்ஜினும் நீண்டநாள் உழைக்கும். எங்கள் கருத்தில், சொந்தமாக மெக்கானிக் இல்லாதவருக்கு இவைதான் உண்மையான சொகுசு.

பணக் கணக்கு

கையில் எட்டு லட்சம் இருந்தால் எட்டு லட்சத்துக்கு வண்டி தேடக்கூடாது. ஆறு லட்சத்துக்கு வாங்கி, இரண்டு லட்சத்தை முதல் வருடத்துக்கென்று தனியாக வைக்க வேண்டும். விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர், பேட்டரி, எல்லா எண்ணெய்களும் ஃபில்டர்களும், முன்பக்க கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர்கள்) என்று நியாயமான வேலைகளே அந்தப் பணத்தில் பாதியைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு எதுவும் பெரிதாகப் போகாத வருடத்திலும் ஒரு லட்சம் ஒதுக்க வேண்டும்.

கடன் வாங்கி இந்த வண்டி வேண்டாம். பத்து வருடம் தாண்டிய காருக்கு வங்கிகள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. கொடுக்கிற ஃபைனான்ஸ்காரர்களின் வட்டி, வண்டி விலை இறங்கும் வேகத்தோடு சேர்ந்து இரண்டு பக்கமும் அடிக்கும்.

இன்சூரன்ஸையும் முன்கூட்டியே பாருங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு, 2022-ல் அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய், வரி தனி. முழுக் காப்பீடு எடுத்தாலும் இந்த வயதுக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் முழு விலையும் தரும் காப்பீடு) கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் வரும். பத்து வருடம் தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்கும் பாதிதான். முன்னால் லேசாக இடித்தாலே உடைவது பம்பரும் ஹெட்லைட்டும், இரண்டுமே பிளாஸ்டிக். மீதிப் பாதி உங்கள் கையிலிருந்து போகும்.

இன்னொன்று: வீட்டில் இருக்கிற ஒரே வண்டியாக இது இருக்கக்கூடாது. பாகம் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பார்சலில் வர நான்கு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போக வேறு வண்டி இருக்க வேண்டும்.

எந்த மாடலில் எது போகும்

மாடல் தேர்வில்தான் பாதி வெற்றி. எஸ் கிளாஸ், 7 சீரிஸ், ஏ8, க்யூ7 போன்ற உச்சி மாடல்களை விடுங்கள். அவைதான் அதிகமாக விலை விழுந்திருக்கும், அதனால்தான் கண்ணை இழுக்கும். ஏர் சஸ்பென்ஷன், மென்மையாக மூடும் கதவு, இரண்டு மூன்று டஜன் கன்ட்ரோல் யூனிட் என்று ஒவ்வொன்றும் ஒரு செலவு. நான்கு சிலிண்டர், சாதாரண ஸ்ப்ரிங் சஸ்பென்ஷன், நடு மாடல் என்று தேடினால் பிழைக்கலாம்.

பென்ஸில் 2002 முதல் 2006 நடுப்பகுதி வரை வந்த டபிள்யூ211 இ கிளாஸில் எஸ்பிசி என்னும் மின்சார பிரேக் அமைப்பு உண்டு. அந்த பம்ப் எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை முடிந்ததும் மாற்றச் சொல்லி சிவப்பு எச்சரிக்கை காட்டும். 2006 நடுவில் மாற்றிய முகப்போடு வந்த வண்டிகளில் இது இல்லை, அவற்றையே பாருங்கள். அடுத்து வந்த டபிள்யூ204 சி கிளாஸ், டபிள்யூ212 இ கிளாஸ் நான்கு சிலிண்டர் டீசல்களில் பெரும்பாலும் ஓஎம்651 இன்ஜின். ஆரம்ப வருட வண்டிகளில் டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர்கள் அதிகம் பழுதாயின. அவற்றை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்ரோல் சி200-ல் எம்271 இன்ஜினுக்கு டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) நீண்டுபோவதும் கேம் பல்சக்கரம் தேய்வதும் வழக்கம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி சங்கிலி குலுங்குவது போலச் சத்தம் வந்தால் அதுதான்.

எம்எல்350, இ350 போன்ற வி6 டீசல்களில் ஓஎம்642. நல்ல இன்ஜின், ஆனால் ஆயில் கூலரின் ரப்பர் சீல்கள் வி வடிவத்தின் நடுப்பள்ளத்தில், மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் கீழே இருக்கின்றன. சீல் விலை சொற்பம், அதை எட்டிப் பிடிக்கும் கூலிதான் பெரிது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகினால் பின் சீல் என்று அவசரப்பட வேண்டாம். மேலே பள்ளத்தில் தேங்கி வழிந்து வந்ததாகவும் இருக்கலாம். ஏழு ஸ்பீடு 722.9 கியர்பாக்ஸில் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் வேக சென்சார் போனால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். கியர்பாக்ஸ் எண்ணெயை ஒருமுறைகூட மாற்றாத வண்டியாக இருந்தால் விலையில் அதைக் கழியுங்கள்.

பி.எம்.டபிள்யூவில் அதிகம் விற்பனைக்கு வருவது 320டி, 520டி, எக்ஸ்1. இவற்றின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினும் அதன் வழிகாட்டியும் தேய்ந்தால் உரசும் சத்தம் பின்னாலிருந்து வரும். அறுந்தால் இன்ஜின் போச்சு. மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை இறக்க வேண்டும். 2011 தொடக்கம் வரை வந்தவற்றில் இது அதிகம், அதன் பிறகு கம்பெனி திருத்தியது. செயின் மாற்றிய பில் உள்ள 2010 வண்டி, பில் இல்லாத 2012 வண்டியைவிட மேல். 2011-க்குப் பிந்தைய என்20 பெட்ரோலிலும் பிளாஸ்டிக் செயின் வழிகாட்டி உடையும் வழக்கம் உண்டு. எந்த பி.எம்.டபிள்யூவானாலும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், வால்வு கவர், பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் ஆகிய மூன்றும் நம் ஊர் வெயிலில் கெட்டித்து வெடிக்கும்.

ஆடி ஏ4, ஏ6 முன்சக்கர டீசல்களில் மல்டிட்ரானிக் என்னும் சங்கிலி சிவிடி (படிப்படியாக இல்லாமல் சீராக மாறும்) கியர்பாக்ஸ். சுமார் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றாவிட்டால், நின்று கிளம்பும்போது வண்டி உதறும். பிறகு செலவு லட்சத்தில். க்வாட்ரோ வண்டிகளில் இது கிடையாது. 2008–2012 காலத்து டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல்கள் பிஸ்டன் ரிங் கோளாறால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கும். விற்பவரிடம் "ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு டாப்-அப் ஊற்றுகிறீர்கள்" என்று சாதாரணமாகக் கேளுங்கள், பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 2.0 டிடிஐ டீசலில் இருப்பது டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் எக்ஸ்டிரைவ், க்வாட்ரோ, 4மேட்டிக் வண்டியில் நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டினால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும்.

வெள்ளம், உப்பு, ஷெட்டில் நின்ற வண்டி

நம் சீமைக்கே உரிய ஆபத்துகள் இவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை, அதற்கு முன் 2018-ல் கேரளம், 2015-ல் மறுபடி சென்னை. அப்போது நீரில் நின்ற சொகுசு கார்கள் எல்லாம் இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, விலை குறைத்து வேறு மாவட்டங்களுக்கு வந்தன.

சாதாரண காரில் வெள்ளம் என்றால் சீட்டும் கார்ப்பெட்டும். இந்தக் கார்களில் மூளையே தரையில் இருக்கிறது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் நடு மேட்டில், பல பி.எம்.டபிள்யூக்களில் பேட்டரி டிக்கியில், பல ஆடிகளில் கன்ட்ரோல் யூனிட் முன் கார்ப்பெட்டுக்கு அடியில். ஓர் அடித் தண்ணீர் நின்றாலும் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் போகும். பார்க்கிற விதம்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேல் பாதி ஒரு நிறம், உள் பாதி வண்டல் நிறம் என்றால் விட்டுவிடுங்கள். சீட்டை முன்னுக்குத் தள்ளி அதன் தண்டவாள போல்ட்டில் துருவைப் பாருங்கள். டிக்கியில் ஸ்பேர் வீல் பள்ளத்தை விளக்கடித்துப் பாருங்கள். முன் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள ஃபோம் ஈரமா என்று அழுத்துங்கள். உள்ளே ஊதுபத்தி, வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் கண்ணாடியை ஏற்றி, வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூச்சிழுங்கள். சேற்று வாடை மறையாது.

ஃபோம் ஈரமாக இருப்பதாலேயே வெள்ள வண்டி என்று தீர்த்துவிடவும் வேண்டாம். சன்ரூஃப் வடிகுழாய் அடைத்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும். சன்ரூஃபைத் திறந்து முன் மூலைகளில் அரைக் குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்ட வேண்டும்.

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் என்று கடலோரத்தில் நின்ற வண்டியை லிஃப்டில் ஏற்றி பிரேக் குழாய்கள், சப்ஃப்ரேம் போல்ட்டுகள், எக்ஸாஸ்ட் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். தேரிக்காட்டு மணலும் ராதாபுரம், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றும் ஏர் ஃபில்டரையும் ஏசி கன்டென்சரையும் அடைக்கும். கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து (இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்) உள்ளே வெள்ளைப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் உள்ளுக்குள்ளேயே சுண்ணாம்பாக்கிவிடும். அலுமினிய இன்ஜினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

அடுத்தது நல்லெண்ணத்தோடு விற்கப்படும் வண்டி. உரிமையாளர் வளைகுடாவிலோ மும்பையிலோ இருப்பார், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்பார். "சும்மா ஷெட்டுலதான் நிக்கி, வெறும் நாப்பதாயிரம்தான் ஓடிருக்கு" என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரால் மட்டுமா முதிர்கின்றன? டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்ற வேண்டும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று இன்ஜின் கவரைக் கழற்றிப் பாருங்கள். நெல் அவித்த வீட்டு ஷெட் என்றால் அது கட்டாயம்.

நேரில் பார்க்கும் நாள்

காலை ஆறரைக்குப் போங்கள். வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டையும், திறந்து இன்ஜினையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறொரு காலையில் வாருங்கள். குளிர்ந்த இன்ஜினின் முதல் பத்து விநாடியில்தான் செயின் சத்தம், இன்ஜெக்டர் தட்டல், நீலப் புகை எல்லாம் தெரியும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யுமுன் நான்கு சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே விரல்வைத்து அளந்துகொள்ளுங்கள். ராத்திரியில் ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது, கம்ப்ரெசரும் ஓய்வில்லாமல் ஓடி முடிவை நெருங்கியிருக்கும்.

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுமுன், ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் மூன்றும் எரிந்து பிறகு அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள்.

காந்தம் வைத்துப் பட்டி பார்க்கும் பழக்கம் இங்கே ஏமாற்றும். டபிள்யூ211-ன் பானெட், முன் ஃபெண்டர், டிக்கி மூடி அலுமினியம்; பழைய 5 சீரிஸான பி.எம்.டபிள்யூ இ60-ன் முன்பகுதியும் அப்படித்தான். காந்தம் ஒட்டாதது இயல்பு. அலுமினியத்தையும் அளக்கும் பெயின்ட் கேஜை இரவல் வாங்குங்கள். கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், 300 தாண்டினால் டிங்கரிங் நடந்த இடம். ஒரு கதவு என்றால் கவலையில்லை. கூரைத் தூண்களில் அந்த அளவு காட்டினால் பெரிய விபத்து.

பிறகு ஸ்கேன். மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப்போங்கள், அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். எல்லா யூனிட்டையும் ஸ்கேன் செய்து, பிழைகளை அழிக்காமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிழைகூட இல்லாத பன்னிரண்டு வயது வண்டியைச் சந்தேகியுங்கள். முந்தின நாள் யாரோ அழித்திருக்கலாம். ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தன்னைத்தானே சோதித்துப் பதியும் சோதனைகள்) முடியாமல் இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். டீசலில் நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவுகளை ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் அது போகப்போகிறது. மீட்டர் குறைத்திருக்கிறார்களா என்பதும் இங்கேதான் தெரியும்: பி.எம்.டபிள்யூவில் சாவி, கியர்பாக்ஸ் யூனிட், மற்ற யூனிட்டுகள் என்று பல இடத்தில் கிலோமீட்டர் பதிவாகும். டேஷ்போர்டில் எழுபதாயிரம், கியர்பாக்ஸில் ஒன்றரை லட்சம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய வரலாறு கேட்பதும் அவசியம். உரிமையாளரையே கேட்க வையுங்கள், அப்போதுதான் கொடுப்பார்கள்.

ஓட்டிப் பார்க்க ஒரு தெருச் சுற்று போதாது, ஒரு மணி நேரமாவது வேண்டும். வண்ணார்பேட்டை நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்து பாருங்கள். நிற்கும்போது ஏசி காற்று சூடாகி, கிளம்பினதும் குளிர்ந்தால் விசிறியோ கன்டென்சரோ பழுது. முதல் கியரிலிருந்து இரண்டு, மூன்றுக்கு மாறும்போது உதை, தயக்கம் இருக்கக்கூடாது. பிறகு நான்குவழிச் சாலையில் வள்ளியூர்ப் பக்கமாக நூறில் சீராகப் போய், 80-லிருந்து அழுத்திப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது அல்லது முன் புஷ்கள் முடிந்திருக்கின்றன. தென்காசிப் பக்கத்து வண்டி என்றால் செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். டர்போ, கூலிங், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே பரீட்சை அது. இறங்கி வந்ததும் சூட்டோடு சூடாக ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போடுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் யோசித்தால் உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது. கிராமத்து வேகத்தடை ஒன்றில் குறுக்காக ஏற்றினால் புஷ்களின் 'டொக்' சத்தமும், அடித்தட்டு தரையில் தட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு சாவியும் கேளுங்கள். ஒன்று தொலைந்திருந்தால் புதுச் சாவி கோடிங்கோடு சேர்த்து விலையில் கழிக்க வேண்டிய தொகை.

பேப்பர்

டிஎன்-72, 76, 69 என்று நம் பக்கத்து எண் உள்ள வண்டி எளிது. டெல்லிப் பதிவு வண்டி மலிவாக வரும். தலைநகர் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் உள்ள கட்டுப்பாடே காரணம். புதுச்சேரிப் பதிவும் நிறைய. எந்த வெளி மாநில வண்டியானாலும், 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு அந்த ஆர்.டி.ஓவின் படிவம் 28 தடையில்லாச் சான்று, இங்கே ஆயுள்கால வரி. வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரித்த பிறகே விலை பேசுங்கள். டெல்லி விலையின் லாபம் பாதி அங்கே போய்விடும்.

பரிவாகன் தளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் அடமானம், இன்சூரன்ஸ், ஆர்சி முடியும் தேதி பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம். இ-செலான் பாக்கியையும், திருட்டு வண்டியா என்பதைக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்திலும் பார்த்துவிடுங்கள். தனியார் காரின் ஆர்சி 15 வருடம். 2011 வண்டி 2026-ல் எஃப்.சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்தைந்து வருடமாக. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 15 தாண்டி 20 வருடம் வரையான காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். முழுதாக வெளிநாட்டில் செய்து இறக்குமதியான கார் என்றால் 40,000. பசுமை வரி தனி. ஆர்சியில் இறக்குமதி என்று இருக்கிறதா என்பதை அதனால் கவனியுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்தான பிறகு 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். "பெயர் மாத்தாம ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிற புரோக்கர், விபத்து வழக்கு வந்தால் கூட நிற்கமாட்டார்.

வாங்கிய முதல் மாதம்

ஷோ-ரூம் பில் இருந்தாலும் எல்லாத் திரவங்களையும் ஒருமுறை மாற்றி, உங்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். இன்ஜின் எண்ணெய் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. டப்பாவில் பென்ஸ் டீசலுக்கு 229.51, பி.எம்.டபிள்யூவுக்கு எல்எல்-04, ஆடி டீசலுக்கு 507.00 என்ற அங்கீகார எண் இருக்க வேண்டும். அளவு ஓஎம்651-க்குச் சுமார் 6.5 லிட்டர், என்47-க்கு 5.2, ஓஎம்642-க்கு எட்டுக்கு மேல். கம்பெனி 20,000, 25,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் நம் வெயிலுக்கும் தூசிக்கும் 8,000–10,000-ல் மாற்றுங்கள். கூலன்ட்டை முழுதும் வடித்து, கம்பெனி சொன்ன வகையையே டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

பாகங்களுக்கு கம்பெனிப் பெட்டியே வேண்டும் என்பதில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மான், மாலே, ஹெல்லா ஆகியோர்தான் பல பாகங்களைக் கம்பெனிக்கே செய்து கொடுப்பவர்கள், விலை கணிசமாகக் குறையும். ஆனால் பாக எண்ணைச் சேசிஸ் எண் கொடுத்து உறுதி செய்த பிறகே ஆர்டர் போடுங்கள். ஒரே வருட மாடலில் இரண்டு வகை பிரேக் டிஸ்க் வரும். கண்ணாடி, சீட் மோட்டார், கதவுக் கைப்பிடி மாதிரிச் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போதும். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சாமானைப் பழசில் வாங்கக்கூடாது. பி.எம்.டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் ஸ்கேனரில் புதுப் பேட்டரி என்று பதிவு செய்யவும் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பழைய பேட்டரியென்று நினைத்துத் தவறாகச் சார்ஜ் ஏற்றும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே மெக்கானிக்கிடம் மறுபடி முழு ஸ்கேன் எடுத்து, வாங்கிய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். திரும்ப வந்திருக்கும் பிழைகள்தான் அடுத்து செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை.